ஒரு விரல் திறந்த கதவு

சேலத்துப் பிளைவுட் கடைக்காரர்கள் பூபதிக்கு ஒரு பட்டப்பேர் வைத்திருந்தார்கள். பலகைக் குழம்பு. அவனுக்குத் தெரியாமல் என்று சொல்லலாம்தான், ஆனால் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் கேட்காதவன் போல நிற்பான். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் நாள் ஒரு கைத்துண்டு மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு போவான். வீட்டில் அதைப் பானைத் தண்ணீரில் போட்டு, காலையில் பற்றவைத்த அடுப்பைப் பொழுது சாயும்வரை அணைக்க மாட்டான். வெந்தும் அடுக்கு பிரியாமல் இருந்தால்தான் மறுநாள் வந்து பலகைக்குப் பணம் கட்டுவான். திருச்செங்கோட்டில் அலமாரி செய்கிற ஆள் எத்தனையோ பேர். இந்தக் கூத்தை அடிக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

"என்னங்க பூபதி, நேத்து கொண்டுபோன துண்டு வெந்துச்சுங்களா? உப்புக் காரமெல்லாம் சரியா இருந்துச்சா?" என்றார் கடைக்காரர் நவநீதகிருஷ்ணன்.

"வேகலீங்க. அதான் வந்திருக்கறேன்," என்றான் பூபதி. சிரிக்கவில்லை.

அன்று அவன் தனியாக வரவில்லை. போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டி மூன்று லாரிக்கு முதலாளியான சின்னுசாமி கூட வந்திருந்தார். அவர் மகள் ஜெயப்பிரியாவும் வந்திருந்தாள். வேலூர் ரோட்டில் புது வீடு கட்டியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. சமையற்கட்டு அலமாரி மட்டும் பாக்கி. சின்னுசாமி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, "நல்லதா போடு பூபதி, என்னைய ஒன்னும் கேக்காத," என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டார்.

பூபதி அடுக்கி வைத்த பலகைகளை ஒவ்வொன்றாக முட்டியால் தட்டிக்கொண்டே போனான். நடுவில் பொந்து விழுந்த பலகை என்றால் ஓசை மாறும். பதினெட்டு வருஷமாகத் தட்டுகிற கைக்கு அது தெரியும். மெரைன் பலகை, தண்ணீரில் ஊறினாலும் உப்பாத ஜாதி. எல்லாம் கெட்டியாகத்தான் பேசின. பிறகு கீல்களுக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு கீலிலும் வைத்துப் பார்த்தான். காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கிற இரும்பு என்பது அவன் கணக்கு. ஒட்டியதையெல்லாம் தள்ளி வைத்தான்.

ஜெயப்பிரியா நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பளபளப்பா, மங்கலா என்று கேட்கவில்லை. அந்த வயதுப் பெண்கள் கைபேசியில் படம் காட்டி, இந்த மாதிரி, அந்த மாதிரி என்று உயிரை எடுப்பார்கள். இவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. பலகையைக் காட்டிக் கேட்டாள், கீலைக் காட்டிக் கேட்டாள், சுவரில் அடிக்கிற ஆணியைக் காட்டியும் கேட்டாள்.

"இது எவ்வளவு எடை தாங்குமுங்கண்ணா?"

ஒவ்வொரு முறை அவள் கேட்டபோதும் பூபதி அந்தப் பொருளை மறுபடியும் முதலிலிருந்து சோதித்தான். ஏன் சோதித்தான் என்று அந்தக் கடையில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சின்னுசாமியின் பழைய வீட்டுச் சமையற்கட்டைச் செய்தவனும் பூபதிதான். அப்போது அவர் மனைவி வசந்தாமணி இருந்தாள். புருஷன் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருக்க, இவள் வீட்டிலேயே மெஸ் நடத்தினாள். இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் நாற்பது பேருக்குக் காலை இட்லி. வாய் நிறையச் சிரிப்பும் கை நிறைய வேலையுமாக இருக்கிற பொம்பளை. "பூபதி, சாப்புட்டுப் போட்டு வேலையப் பாரு, பலகை எங்கயும் ஓடிப் போயிராது," என்று தட்டைக் கையில் திணிப்பாள்.

அந்த வீட்டுக்கும் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள். கீழ் அலமாரியெல்லாம் மெரைன் பலகையில் முடிந்தது. அடுப்புக்கு மேலே மாட்டுகிற பெட்டிக்குப் பலகை போதவில்லை. சரக்கு வர நாலு நாள் ஆகும் என்றான் கடைக்காரன். முகூர்த்தமோ மறுநாள் விட்டு மறுநாள். பூபதி பட்டறையில் கிடந்த சாதாக் கமர்ஷியல் பலகையை எடுத்தான். மேலேதானே, அங்கே தண்ணீரா படப்போகிறது என்று நினைத்தான். மேலே மைக்கா ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது எது என்று பிரம்மனுக்கும் தெரியாது. அந்த அவசரத்தில் அவனுக்குத் தோன்றாமல் போனது ஒன்றே ஒன்று. தண்ணீர் மேலே ஏறாது, ஆவி ஏறும். நாற்பது பேருக்கு இட்லி வேகிற அடுப்பின் ஆவி தினம் தினம் அந்தப் பெட்டியின் அடியில்தான் போய் முட்டியது.

எட்டு மாதம் கழித்து வசந்தாமணி போன் செய்தாள். "பூபதி, அடுப்புக்கு மேல இருக்கற கதவு மூடவே மாட்டீங்குது. ஒரு வெரல் தெறந்தே நிக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறயா?"

அயோத்தியாப்பட்டணத்தில் பெரிய பங்களா வேலை நடந்துகொண்டிருந்தது. "வாரேனுங்கக்கா," என்றான். போகவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். "வாரேனுங்கக்கா." நாலு தடவை கூப்பிட்டாள். நாலு தடவையும் அதே பதில். நாலாம் தடவை அவள் கோபிக்கக்கூட இல்லை. "உனக்கும் வேலை இருக்குமல்லொ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டு நின்றவள் தலையில் பெட்டி மொத்தமாக இறங்கியது. உள்ளே இருந்த பித்தளை அண்டாவும் சேர்ந்து இறங்கியது. ரெண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

சத்தீஸ்கரிலிருந்து ஓடி வந்த சின்னுசாமி, எழவு வீட்டில் எல்லார் முன்னாலும் பூபதியின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எப்படிப்பா உழுந்துச்சு? நீ செஞ்சதுதானே, நீயே சொல்லு."

பூபதி வாயில் வந்தது இரண்டே வார்த்தை. "எடை அதிகமாயிருச்சுங்கண்ணா."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அதை வாங்கிக்கொண்டு பேசித் தீர்த்தார்கள். பித்தளைச் சாமானை ஏத்தி ஏத்தி வெச்சா என்னத்துக்கு ஆகும், ஆசை கெட்ட ஆசை, தன் தலைல தானே எடுத்துப் போட்டுக்கிட்டா என்றார்கள். செத்தவளுக்குப் பதில் பேச வாய் ஏது? பதினாறாம் நாள் கழிந்ததும் உடைந்த பலகைகளை பூபதியே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். "அது ஊட்டுல கெடந்தா நல்லால்லீங்க," என்றான். எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தான், ஒரு கைத்துண்டைத் தவிர. அந்தத் துண்டை ஏன் எரிக்கவில்லை என்று அவனுக்கே தெரியாது. கருவிப்பெட்டியின் அடியில் கோணித் துணியில் சுற்றிக் கிடக்கிறது. சில நாள் பெட்டியைத் திறந்தால் இட்லி வேகிற வாசம் குப்பென்று மூக்கில் அடிக்கும். அன்றைக்கு அவன் சாப்பிட மாட்டான்.

அன்றிலிருந்துதான் பலகையை வேகவைக்கிற வழக்கம். யாரிடமும் "வாரேன்" என்று சொல்வதையும் விட்டுவிட்டான். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவான். மரியாதை தெரியாதவன் என்று ஊர் பேசிக்கொண்டது, பேசட்டும்.

இந்தப் புது வீட்டு வேலைக்குச் சின்னுசாமி கூப்பிட்டபோது முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். "ஜெயப்பிரியா நீதான் செய்யோணும்ங்குதுப்பா," என்றார் அவர். அதைக் கேட்டபின் முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வேலை தொடங்கியது. கூட்டாளி காளியப்பனும் அவனும் மட்டும். வேகவைத்துத் தேர்ந்த பலகை, காந்தம் ஒட்டாத கீல், சுவருக்குள் ஆழமாக இறங்குகிற ஆணி. பூபதி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தான். புதன்கிழமை மத்தியானம் அடுப்புக்கு மேல் பெட்டியை மாட்டி முடித்துக் கதவை மூடினான். கீல் மெல்ல இழுத்துக் கதவைச் சத்தமில்லாமல் சேர்த்தது. திரும்பி உளியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். கதவு ஒரு விரல் திறந்திருந்தது.

முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. கீலில் இருக்கிற திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினான். மூடினான். மூடிக்கொண்டது. காபி குடித்துவிட்டு வந்தான். ஒரு விரல் திறந்திருந்தது.

ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது. கீலை மாற்றினான். கதவையே கழற்றிப் பக்கத்துப் பெட்டிக் கதவை எடுத்து மாட்டினான். பக்கத்தில் ஒழுங்காக மூடிய கதவு இங்கே வந்ததும் ஒரு விரல் திறந்துகொண்டது.

"காளியப்பா, இதச் சித்த மூடு," என்றான்.

காளியப்பன் மூடினான். மூடியபடியே நின்றது. பத்து நிமிஷம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதவு அசையவில்லை. "வெயில்ல உனக்குக் கண்ணு கட்டிப்போச்சு. மோர் குடிச்சுட்டு வா," என்று சொல்லிவிட்டுக் காளியப்பன் வெளியே போனான். பூபதி தரையில் கிடந்த திருப்புளியை எடுக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது கதவு ஒரு விரல் திறந்திருந்தது. புதுப் பலகை வாசமும் பசை வாசமும் மட்டும் இருக்க வேண்டிய அந்தச் சமையற்கட்டில், இன்னும் அடுப்பே பற்றவைக்காத வீட்டில், இட்லி வேகிற வாசம் வந்தது.

"அக்கா," என்றான் மெதுவாக. "நல்ல பலகைதானுங்கக்கா இது."

அவன் கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கையை எடுக்கப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் காளியப்பன் சாப்பிடப் போயிருந்தான். ஜெயப்பிரியா பழைய வீட்டிலிருந்து பாத்திரங்களை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். எல்லாவற்றையும் கூடத்திலேயே வைத்தாள். கடைசியாக அந்தப் பித்தளை அண்டாவை எடுத்துவந்து சமையற்கட்டு வாசற்படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அண்டாவின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பூபதி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"அண்ணா, உங்ககிட்ட ஒன்னு கேக்கோணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லு அம்மிணி."

"அந்த அண்டாவ மேல வெச்சது அம்மா இல்லீங்கண்ணா. நான்." பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்த மாதிரி சொன்னாள். "மொத நாள் கழுவிட்டுக் கீழ வையின்னாங்க. கீழ எடமில்ல, குனிஞ்சு எல்லாத்தையும் ஒதுக்கோணும். எனக்குச் சோம்பேறித்தனம். அம்மா அந்தப்பக்கம் போனதும் ஸ்டூலப் போட்டு மேல ஏத்திட்டேன். காலைல உழுந்துருச்சு. அத்தையெல்லாம் அம்மாவ ஆசக்காரின்னு ஏசறப்ப நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நாந்தான்னு சொல்ல வாய் வரல. எங்கம்மாவ நானே கொன்னுட்டு அவங்களுக்கே பேரையும் கெடுத்துட்டேன்."

பூபதி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு எடை வெச்சா அது உழுந்திருக்காதுங்கண்ணா? நீங்கதானே செஞ்சீங்க, உங்களுக்குத் தெரியுமல்லொ. கொஞ்சம் கம்மியா வெச்சிருந்தா நின்னுருக்குமா? அத மட்டும் சொல்லுங்க. மூணு வருசமா அந்தக் கணக்கத்தான் போட்டுக்கிட்டு இருக்கறேன்."

அவளுக்கு இருபத்திரண்டு வயது. எழவு வீட்டில் தான் சொன்ன இரண்டு வார்த்தையை இந்தப் பெண் மூன்று வருஷமாகத் தலையில் சுமந்து திரிந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. செத்தவள் மேல் பழி போட்டோம், அவள் கேட்கவா போகிறாள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான், படுபாவி. உயிரோடு இருக்கிற ஒருத்தி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் திருச்செங்கோட்டில் அவனுக்கு வேலை இல்லை, பேர் இல்லை, நாளைக்குத் தலைகாட்ட முடியாது. சின்னுசாமி கையில் கிடைத்ததை எடுத்து அடித்தாலும் அடிப்பார். வாயைத் திறக்காவிட்டால் இவள் ஆயுசுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அண்ணாந்து பார்த்தான். அடுப்புக்கு மேல் கதவு ஒரு விரல் திறந்திருந்தது.

எழுந்து போய்க் கருவிப்பெட்டியின் அடியிலிருந்து கோணித் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் முன்னால் பிரித்தான். கறுத்து உப்பிய கைத்துண்டு. ஓரத்தை நகத்தால் நெருடினான். அடுக்கு தனியாகக் கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தான், அதுவும் வந்தது.

"இது உங்க பழைய ஊட்டுப் பெட்டியோட அடிப்பலகை. கமர்ஷியல். ஆவிக்கு ஆகாது. பலகை பத்தாம நாள் நெருக்கீருச்சுன்னு நாந்தான் போட்டேன். நல்ல பலகையா இருந்திருந்தா இந்த அண்டா மாதிரி பத்து வெச்சாலும் அசைஞ்சிருக்காது. நீ வெக்காட்டியும் அது உழுந்திருக்கும் அம்மிணி. அடுத்த நாளோ அதுக்கடுத்த நாளோ."

ஜெயப்பிரியா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இருக்குது," என்றான். "உங்கம்மா ஏன் கீழ வைக்கச் சொன்னாங்கன்னு தெரியுமா? மேல இருக்கற கதவு ஒரு வெரல் தெறந்தே நிக்குதுன்னு எனக்கு நாலு தடவ போன் பண்ணுனாங்க. பெட்டி ஒரு பக்கம் தொங்குனாத்தான் கதவு அப்படி நிக்கும். மொதத் தடவ சொல்றப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாரேன்னு சொன்னேன். நாலு தடவையும் வாரேன்னு சொன்னேன்."

"வரவே இல்லீங்களா?"

"எழவுக்குத்தான் வந்தேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அடிப்பாள், கத்துவாள் என்றும் எதிர்பார்த்தான். ஒன்றும் செய்யவில்லை. கைபேசியை எடுத்தாள். "அப்பா, உடனே புது ஊட்டுக்கு வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு எழுந்து கூடத்திலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"அடுப்புக்கு முன்னால போயி நில்லுங்க," என்றாள்.

"அம்மிணி..."

"அம்மா நின்ன எடத்துல நில்லுங்கண்ணா."

பூபதி போய் நின்றான். அவள் அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். மூன்று வருஷமாக ஒரு டம்ளரைக்கூட இடுப்புக்கு மேலே தூக்கி வைக்காதவள் என்று சின்னுசாமி ஒருமுறை சொல்லி வருத்தப்பட்டிருந்தார். கதவைத் திறந்து அண்டாவை உள்ளே தள்ளினாள். பித்தளை பலகையில் உரசுகிற சத்தம் கேட்டதும் பூபதியின் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்து பெட்டியின் அடியைத் தாங்கிக்கொண்டன. தான் வேகவைத்துத் தேர்ந்த பலகை, தானே இறக்கிய ஆணி என்பதெல்லாம் அப்போது அவன் நினைவில் இல்லை.

"கைய எடுங்க," என்றாள் மேலிருந்து. "எங்கம்மா கையத் தூக்கிக்கிட்டா நின்னாங்க?"

அவன் கைகளைக் கீழே விட்டான். கண்ணை மூடிக்கொண்டான். தலைக்கு மேலே அவள் கதவை மூடுகிற சத்தம் கேட்டது. கீல் மெல்ல இழுத்துச் சேர்த்தது. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து அவனுக்கு எதிரில் நின்றாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தான். கதவு மூடியிருந்தது. ஒரு நூல்கூட இடைவெளி இல்லை.

"நான் நகரலாமுங்களா?" அவனையறியாமல் அவளுக்கு ங்க போட்டுப் பேசினான்.

"அப்பா வரட்டும்."

வெளியே புல்லட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சின்னுசாமி செருப்பைக் கழற்றி விட்டு, "என்ன கண்ணு அவசரம்? வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அடுப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கிற பூபதியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன் உங்ககிட்ட ஒன்னு சொல்லோணுமாமுங்கப்பா," என்றாள் ஜெயப்பிரியா.

பூபதி கட்டிய கையை அவிழ்த்தான்.

"எடையினால உழுகலீங்கண்ணா," என்றான்.